586 யூனிட் வந்துவிட்டது, மாமா ஃபேனை நிறுத்திவிட்டார். எங்கே குறைப்பது?

கேள்வி: திருநகர் செல்வி

வணக்கம். மதுரை திருநகரில் சொந்த வீடு. தரைத்தளம் மட்டும். நான், கணவர், இரண்டு பிள்ளைகள், அத்தை, மாமா என்று ஆறு பேர். ஜனவரி பிப்ரவரி கணக்கில் 412 யூனிட், 1,251 ரூபாய் கட்டினோம். மார்ச் ஏப்ரல் கணக்கில் 586 யூனிட், 2,762 ரூபாய். ஏசி போட்டால் ஏறும் என்று தெரியும். ஆனால் 174 யூனிட் கூடியதற்கு 1,500 ரூபாய் கூடுமா என்று அட்டையையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பணம் ஒரு பக்கம் இருக்கட்டும். எனக்கு உண்மையான கவலை மாமாதான். அவருக்கு 74 வயது. நூற்பாலையில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர், வீண் செலவு என்றாலே அவருக்கு ஆகாது. பில்லைப் பார்த்த நாளிலிருந்து மதியம் சாப்பிட்டதும் ஃபேனை நிறுத்திவிட்டு, பனையோலை விசிறியோடு வாசல்படியில் போய் உட்கார்ந்துவிடுகிறார். இங்கே வெயில் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். மூன்று மணிக்கு வாசல்படியில் காலை வைக்க முடியாது, நிழலிலும் அனல் அடிக்கும். "ஆளுக்கொரு ஃபேன் எதுக்கும்மா, காத்து வருது" என்கிறார். காற்று வரவில்லை. அவர் பனியன் முதுகில் ஒட்டிக் கிடக்கிறது. பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். போன வியாழக்கிழமை எழுந்திருக்கும்போது தலை சுற்றி நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தும்போதும் எனக்கு அந்த நினைப்பாகவே இருக்கிறது.

நாங்கள் இதுவரை செய்தவை: எல்லா விளக்கும் எல்இடி. டிவி சாயங்காலம் மட்டும். ஹீட்டர் ஏப்ரலிலேயே நிறுத்தியாச்சு. பிள்ளைகள் அறையில் இருக்கும் ஏசி ராத்திரி 10 முதல் 3 வரை, 26 டிகிரி. இதற்கு மேல் எங்கே கை வைப்பது? பிள்ளைகள் ஏசியையும் விட்டுவிடத் தயார். ஆனால் ஏசி இல்லாத ஜனவரியிலேயே 412 வந்ததே, அது சரிதானா? எங்கோ போகிறது, எங்கே என்று தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: கோவை வயர்மேன்

அம்மணி, முதலில் உங்கள் மாமனாரை உள்ளே கூட்டி வந்து ஃபேனைப் போடுங்கள். மற்றதைப் பிறகு பேசலாம். நான் 30 வருடம் வயரிங் வேலை பார்த்தவன். கணக்கோடுதான் சொல்கிறேன், அவரிடமும் கணக்காகவே சொல்லுங்கள், மில்லில் வேலை பார்த்தவருக்கு உடனே பிடிபடும். பழைய சீலிங் ஃபேன் 75 வாட். மதியம் ஆறு மணி நேரம் ஓடினால் அரை யூனிட் கூட ஆகாது, 0.45. உங்களுக்கு இப்போது விழுகிற உச்ச விலை யூனிட்டுக்கு 8 ரூபாய் 40 காசு. அதை வைத்துப் பார்த்தாலும் ஒரு மதியத்துக்கு 3 ரூபாய் 78 காசு. அந்த 3 ரூபாய் 78 காசுக்காகத்தான் அவர் அனலில் உட்கார்ந்திருக்கிறார். ஒருநாள் மயங்கி விழுந்தால் ஆட்டோவுக்கு ஆகும் காசே அதைப் போல எத்தனையோ மடங்கு.

சரி, 1,500 எப்படிக் கூடியது? இது நிறையப் பேருக்குப் புரிவதில்லை. 2024 ஜூலை 1இல் அமலுக்கு வந்த கணக்கு இது, உங்கள் பில்லும் அதன்படிதான். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம், அடுத்த 100 யூனிட் 2.35, 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. ஆகமொத்தம் 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய். 500ஐத் தாண்டினீர்களோ, அந்த 2.35 என்ற சலுகை விலை போய்விடும். 101லிருந்தே 4.70 ஆகிவிடும். 501 யூனிட் என்றால் 2,048 ரூபாய் 40 காசு. அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய். அதற்கு மேல் 600 வரை ஒவ்வொன்றும் 8.40, அதையும் தாண்டினால் 9.45. உங்கள் 86 யூனிட் அங்கேதான் விழுந்திருக்கிறது.

2022 செப்டம்பர் 10க்கு முன்னால் இதே 500 யூனிட்டுக்கு 1,130 ரூபாய்தான். அன்றைக்கு 1,725 ஆனது. அப்போதிருந்து என்னைக் கூப்பிட்டவர்கள் எல்லாரும் கேட்டது ஒன்றே: "மீட்டர் வேகமா ஓடுது, பாருங்க." போய்ப் பார்ப்பேன். மீட்டர் சரியாகத்தான் இருக்கும். வீட்டில் எல்லாரும் விளக்கையும் டிவியையும் அணைத்துக்கொண்டிருப்பார்கள், ஏனென்றால் அவைதான் கண்ணுக்குத் தெரியும். யூனிட்டைத் தின்னுவது சத்தமில்லாமல், வெளிச்சமில்லாமல் ஒரு மூலையில் உட்கார்ந்திருக்கும்.

அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன், காசு செலவில்லை. உங்கள் மீட்டரில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும். பக்கத்திலேயே 3200 என்றோ 1600 என்றோ அச்சடித்திருக்கும். 3200 என்றால் அது 3200 தடவை சிமிட்டினால் ஒரு யூனிட். வீட்டில் எல்லாவற்றையும் அணையுங்கள். ஃபிரிட்ஜ் பிளக்கையும் பத்து நிமிடம் எடுத்துவிடுங்கள். பிறகு ஒரு நிமிடத்துக்கு எத்தனை சிமிட்டல் என்று எண்ணுங்கள். ஒன்றும் ஓடவில்லை என்றால் சிமிட்டவே கூடாது. பெட்டியைத் தொட வேண்டாம், பார்த்தால் போதும்.

இன்னொரு கேள்வி. வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதா? இருந்தால் பேட்டரிக்கு எத்தனை நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் ஊற்றுகிறீர்கள்?

பதில்: வேளச்சேரியில் வாடகை

செல்வி அக்கா, மாமாவைப் பற்றி எழுதியதைப் படித்ததும் எங்கள் அப்பா நினைவு வந்தது. அவரும் இப்படித்தான்.

எங்களைப் போல வாடகைக்கு இருப்பவர்களுக்கு வயர்மேன் ஐயா சொன்ன கணக்கு எதுவுமே பொருந்தாது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். எங்கள் வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் சேர்த்து ஒரே சர்வீஸ், அதாவது ஒரே மின் இணைப்பு. எங்கள் யூனிட்டை மட்டும் தனியாகக் காட்ட ஒரு சப்மீட்டர். ஓனர் யூனிட்டுக்கு 9 ரூபாய் வாங்குகிறார். முதல் யூனிட்டிலிருந்தே 9 ரூபாய். இலவச 100 யூனிட் 2016லிருந்து இருக்கிறது என்கிறார்கள், எங்கள் கைக்கு ஒன்றுகூட வந்ததில்லை. 500க்குள் நிறுத்த வேண்டும் என்ற கவலையும் கிடையாது, ஏனென்றால் 50 யூனிட் என்றாலும் 500 யூனிட் என்றாலும் ஒரே விலை. இதனால் நாங்கள் செய்தது என்னவென்றால், சமையலை இண்டக்‌ஷனிலிருந்து திரும்ப கேஸுக்கு மாற்றிவிட்டோம், வாஷிங் மெஷினை வாரம் இரண்டு தடவை ஆக்கிவிட்டோம். குழந்தை பிறந்து எட்டு மாதம். அவள் தூங்கும் அறையில் மட்டும் எதையும் குறைப்பதில்லை என்று நானும் கணவரும் முடிவு செய்துவிட்டோம்.

குறைந்த கரண்டில் ஓடும் பிஎல்டிசி ஃபேன் வாங்க எனக்கு ஆசை. வாடகை வீட்டில் எதற்கு என்று வீட்டில் சொல்கிறார்கள்.

பதில்: கோவை வயர்மேன்

வேளச்சேரி தங்கச்சி, தாராளமாக வாங்குங்கள். காலி செய்யும்போது கழற்றிக்கொண்டு போகலாம், ஓனரின் பழைய ஃபேனை மாட்டிவிட்டுப் போனால் ஆயிற்று. பிஎல்டிசி ஃபேன் 30 வாட்டைச் சுற்றி எடுக்கும். ஒரு நாளைக்கு 16 மணி நேரம் ஓடும் ஃபேன் என்றால் இரண்டு மாதத்தில் 72 யூனிட் ஆகிற இடத்தில் 29தான் ஆகும். 43 யூனிட் மிச்சம். உங்கள் 9 ரூபாய்க்கு அது 387 ரூபாய். குழந்தை அறையில்தான் அதிகம் ஓடும், முதலில் அங்கே போடுங்கள். அதிகம் ஓடாத அறைக்கு வாங்காதீர்கள், போட்ட காசு திரும்பாது.

பதில்: நல்லூரான்

நான் யாழ்ப்பாணம். எங்கள் கதையையும் சொல்கிறேன், ஒரு விஷயத்துக்காக.

இங்கே 2022 ஆகஸ்டில் ஒரு தடவை கட்டணம் ஏறியது, 2023 பெப்ரவரியில் இன்னொரு தடவை. மாதம் 30 அலகு மட்டும் பாவிக்கிற சின்ன வீட்டுக்கு முதலில் நிலையான கட்டணத்தோடு சேர்த்து 105 ரூபா வந்தது. பிறகு 360. பிறகு 1,300. எல்லாம் ஏழு மாதத்துக்குள். அரிசி, மண்ணெண்ணெய், மருந்து எல்லாமே விலை ஏறிக் கிடந்த நேரம்.

எங்கள் வீட்டில் அம்மா முதலில் நிற்பாட்டியது ஃபிரிட்ஜை. மீனை அன்றன்றைக்கு வாங்கினோம், தேங்காயைப் பாதி பாதியாக முறித்துப் பக்கத்து வீட்டோடு பங்கிட்டோம். அதெல்லாம் சமாளித்தோம். ஆனால் அப்பாவுக்கு இன்சுலின். அதை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, மண்பானைத் தண்ணீருக்குள் வைத்திருந்தார் அம்மா. பங்குனி வெயிலில் பானைத் தண்ணீரும் சூடாகத்தான் இருந்தது. ஒரு கிழமை கழித்துத்தான் எனக்கே தெரியவந்தது. நான் கொழும்பில் வேலை, தொலைபேசியில் "எல்லாம் நல்லாயிருக்கு" என்பார். உடனே அடுத்த வீட்டு அக்காவிடம் கேட்டு அவருடைய ஃபிரிட்ஜில் வைத்தோம். மூன்று மாதம் அவர் முகம் கோணாமல் வைத்துத் தந்தார். அந்த உதவியை நான் மறக்க மாட்டேன்.

2024இல் கட்டணத்தை இரண்டு தடவை குறைத்தார்கள். ஆனாலும் அம்மா பழைய பழக்கத்துக்குத் திரும்பவே இல்லை. இன்றைக்கும் ஃபிரிட்ஜ் ஓடுகிறதா என்று நான் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வயதானவர்களுக்கு ஒரு தடவை பயம் வந்துவிட்டால், விலை இறங்கினாலும் அந்தப் பயம் இறங்காது. உங்கள் மாமாவிடம் இப்போதே பேசுங்கள், செல்வி. பழகிப்போன பிறகு மாற்றுவது கஷ்டம்.

பதில்: மாடிவீடு

எங்கள் தெருவில் சிலர் மாடிக்கென்று தனி சர்வீஸ் வாங்கி, ஏசியை அதில் போட்டுவிட்டார்கள். இரண்டு சர்வீஸுக்கும் தனித்தனியாக 100 யூனிட் இலவசம், தனித்தனியாக 500 வரை. நீங்களும் முயன்று பார்க்கலாமே?

பதில்: கோவை வயர்மேன்

ஒரே குடும்பம், ஒரே அடுப்பு, தரைத்தளம் மட்டும் என்று எழுதியிருக்கிறார். அவருக்கு இது பொருந்தாது. தனிக் குடித்தனம் இருந்தால் தனி சர்வீஸ் வாங்குவது முறை. யூனிட்டைப் பிரிப்பதற்காக மட்டும் வாங்கினால், ஆய்வில் கண்டுபிடித்து இரண்டையும் ஒன்றாக்கிவிடுவார்கள், அப்புறம் அலைச்சல்தான் மிஞ்சும்.

பதில்: திருநகர் செல்வி

எல்லாருக்கும் நன்றி. நல்லூரான் எழுதியதை அத்தைக்கும் மாமாவுக்கும் உரக்க வாசித்துக் காட்டினேன். மாமா ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்த அம்மா பயந்துதான் செஞ்சிருக்கும், பாவம்" என்றார். அப்புறம் வயர்மேன் ஐயாவின் 3 ரூபாய் 78 காசுக் கணக்கைச் சொன்னேன். நம்பவில்லை. காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் தானே போட்டுப் பார்த்தார். 75ஐ ஆறால் பெருக்கி, ஆயிரத்தால் வகுத்து. 0.45 வந்ததும் அதன் கீழே இரண்டு கோடு இழுத்தார்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை காலை சிமிட்டலை எண்ணினோம். மாமாதான் எண்ணினார், வேறு யாரையும் விடவில்லை. மாடிப்படிக்கு அடியில் மீட்டர் பெட்டி. ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, இடது கையில் கடிகாரத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். பிள்ளைகள் ஓடி ஓடி ஒவ்வொரு அறையிலும் சுவிட்சை அணைத்தார்கள். ஃபிரிட்ஜ் பிளக்கை நான் எடுத்தேன். ஒன்றும் ஓடவில்லை. வீடு அத்தனை அமைதியாக நான் கேட்டதே இல்லை.

சிவப்பு விளக்கு சிமிட்டியது. 12 விநாடி கழித்து இன்னொன்று. ஒரு நிமிடத்தில் ஐந்து. திரும்ப எண்ணினார், ஐந்துதான். மூன்றாவது தடவையும் ஐந்து.

இன்வெர்ட்டரைப் பற்றி நீங்கள் கேட்டிருந்தீர்களே, ஐயா. இருக்கிறது. 2012இல் இங்கே ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் போன காலத்தில் வாங்கியது. மூத்தவளுக்கு அப்போது ஒரு வயது, வேர்க்குருவில் துடித்துக்கொண்டிருந்தாள். நகையை வைத்து வாங்கினோம். பேட்டரி அதற்குப் பிறகு ஒரு தடவை மாற்றியது, அதுவும் எட்டு வருடம் ஆகிவிட்டது. தண்ணீர் மாதா மாதம் ஊற்றுகிறோம். இதை எழுதும்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன், முன்பெல்லாம் நான்கைந்து மாதத்துக்கு ஒரு தடவைதான் ஊற்றுவோம். தொட்டுப் பார்த்தேன், தோசைக்கல்லை இறக்கி வைத்து வெகுநேரம் ஆனால் இருக்குமே, அந்தச் சூடு. அத்தை சொல்கிறார், குளிர்காலத்தில் பூனை அதன் மேல்தான் படுக்குமாம்.

இன்வெர்ட்டருக்குப் போகிற சுவரோர சுவிட்சை அணைத்துவிட்டு மாமாவிடம் போனேன். மூன்று நிமிடம் பார்த்தோம். ஒரு சிமிட்டல் கூட இல்லை.

கணக்கு சரியா பாருங்கள், ஐயா: நிமிடத்துக்கு 5 என்றால் மணிக்கு 300. 3200ல் 300, அதாவது மணிக்கு 0.094 யூனிட். நாளைக்கு 2.25. அறுபது நாளைக்கு 135 யூனிட்.

பதில்: கோவை வயர்மேன்

கணக்கு சரி. அந்த பேட்டரி உள்ளே செத்துவிட்டது. எவ்வளவு ஏற்றினாலும் நிரம்பாது, நிரம்பாததால் இன்வெர்ட்டர் இரவும் பகலும் ஏற்றிக்கொண்டே இருக்கும். ஏறுகிற கரண்ட் எல்லாம் சூடாகவும் ஆவியாகவும் போகிறது. தண்ணீர் குறைவதும் அதனால்தான். இது பணப் பிரச்சினை மட்டுமில்லை. சூடாகிற பழைய பேட்டரியை வீட்டுக்குள் வைத்திருப்பது ஆபத்து. இன்றைக்கே நிறுத்திவிடுங்கள், பூனையையும் கிட்டே விடாதீர்கள்.

மார்ச் ஏப்ரலில் அந்த 135 இல்லை என்றால் உங்களுக்கு 451 யூனிட்தான். பில் 1,496 ரூபாய். ஏசி ஓடியும், மாமாவின் ஃபேன் ஓடியும் அவ்வளவுதான். 1,266 ரூபாய் அந்த மூலையில் போயிருக்கிறது, ஒரே ஒரு கணக்கில்.

புது பேட்டரி வேண்டுமா என்பதை யோசித்துச் செய்யுங்கள். இப்போது எவ்வளவு நேரம் கரண்ட் போகிறது என்று ஒரு மாதம் குறித்துப் பாருங்கள். எப்போதாவது அரை மணி, ஒரு மணி என்றால் சார்ஜ் ஆகும் ஒரு மேசை ஃபேனும் ஒரு எமர்ஜென்சி லைட்டும் போதும். மாமாவுக்காக வேண்டும் என்று நினைத்தால் வாங்குங்கள், அதில் தப்பில்லை. நல்ல பேட்டரி நிரம்பியதும் அடங்கிவிடும், இப்படித் தின்னாது. பழையதை எடைக்குப் போடாமல், புதிது வாங்கும் கடையிலேயே கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள்.

ஒரே ஒரு வேலையை மாமாவிடம் ஒப்படையுங்கள். தினமும் காலை ஒரே நேரத்தில் மீட்டர் எண்ணை எழுதச் சொல்லுங்கள். 500ஐ அறுபதால் வகுத்தால் நாளைக்கு 8 யூனிட்டுக்குச் சற்று மேல். எட்டுக்குள் இருந்தால் யாரும் எதையும் அணைக்க வேண்டியதில்லை. 45வது நாளில் கூட்டிப் பாருங்கள். 375ஐச் சற்றுத் தாண்டியிருந்தால் கடைசி இரண்டு வாரம் ஏசியை ஒரு மணி நேரம் குறைத்தால் சரியாகிவிடும்.

பதில்: திருநகர் செல்வி

எழுத ஆரம்பித்துவிட்டார், ஐயா. காலண்டர் பக்கத்திலேயே பென்சிலைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறார். நேற்று 7.4. இன்று 7.9. ராத்திரி ஏசி ஓடியும்கூட. இன்று மதியம் பள்ளியிலிருந்து அத்தைக்குப் போன் செய்து கேட்டேன். ஃபேனுக்குக் கீழே பாயைப் போட்டுத் தூங்குகிறாராம். "குறட்டை கேக்குதா பாரு" என்று அத்தை போனை அவர் பக்கம் நீட்டினார். கேட்டது.

பதில்: வேளச்சேரியில் வாடகை

அக்கா, ரொம்ப சந்தோஷம். நானும் எங்கள் சப்மீட்டரை எண்ணிப் பார்த்தேன். எல்லாவற்றையும் அணைத்த பிறகும் நிமிடத்துக்கு இரண்டு சிமிட்டல் வருகிறது. ஐயா, எங்களுடையதில் 1600 என்று போட்டிருக்கிறது. கணக்கு அதேதானா?

பதில்: கோவை வயர்மேன்

இல்லை தங்கச்சி. 1600 என்றால் ஒரு சிமிட்டலுக்கு இரண்டு மடங்கு மதிப்பு. உங்கள் இரண்டு சிமிட்டல் 75 வாட். சரியாக ஒரு பழைய ஃபேன். மொட்டைமாடி விளக்கோ, படிக்கட்டு விளக்கோ, கீழ்வீட்டு லைன் ஏதாவதோ உங்கள் சப்மீட்டரில் சேர்ந்திருக்கலாம். உங்கள் வீட்டு மெயினை அணைத்துவிட்டு மறுபடியும் எண்ணுங்கள். அப்போதும் சிமிட்டினால் ஓனரைக் கூப்பிட்டு, பக்கத்தில் நிறுத்தி, அவரையே எண்ணச் சொல்லுங்கள்.